சடைச்சியின் முடியை வெட்டிய நாள்

அத்தை,

இன்று காலை கொல்லையிலிருந்து நனைந்த நாயின் வாடை வந்தது. ஷாம்பு வாசனையையும் தாண்டி வரும் அந்த வாடையை "மழையில நனஞ்ச சாக்கு" என்பீர்கள். சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உங்கள் மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துவைக்கிற கல்லின் மேல் சடைச்சியை நிறுத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சீவி விடாமலே தண்ணீரை ஊற்றிவிட்டார். சிக்கு எடுக்காமல் நனைத்தால் ஒவ்வொரு சிக்கும் கட்டியாக இறுகிவிடும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் ஒரு நாளும் அவளைக் குளிப்பாட்டியதில்லை.

நேற்று உங்கள் முதல் வருஷத் திதி. அதற்காகத்தான் மஸ்கட்டிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்திருக்கிறார். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, இலைகளை எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார். "அம்மாகிட்ட நான் கடைசியா பேசினது இந்த நாயோட முடிக்காக, கலா. அதுக்கப்புறம் அம்மா குரலையே நான் கேக்கல."

நான் இலையை மடித்துக்கொண்டே நின்றேன். அன்று நடந்ததில் பாதிதான் அவருக்குத் தெரியும். மீதிப் பாதி உங்களோடு போய்விட்டது என்று நினைத்து ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

கேமராக்கள் வந்த நாள் நினைவிருக்கிறதா அத்தை? பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்தார்கள் என்று நீங்கள்தான் போனில் சொன்னீர்கள். பத்து நாளில் கும்பகோணத்திலிருந்து ஆள் வந்து நாலு கேமரா மாட்டிவிட்டுப் போனான். வாசல் கேட்டில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறைக்குப் போகும் நடையில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று. அவை பேசவும் செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் இருவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது உத்தரத்துப் பக்கமிருந்து, "அம்மா, மாத்திரை போட்டியா?" என்று குரல் வந்தது. நீங்கள் சட்டென்று எழுந்து நின்று கும்பிட்டுவிட்டீர்கள். அன்று சிரித்த சிரிப்புதான் அந்தக் கேமராவை வைத்து நாம் சிரித்த கடைசிச் சிரிப்பு.

வெளியே போகாதே என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை. "எங்க கெளம்புற?" என்று மட்டும் கேட்பார். செருப்பை மாட்டுவதற்குள் கேட்பார். கடைக்கு என்றால் "ஏன், நேத்துதானே போன?" என்பார். கோயிலுக்கு என்றால் "எப்ப வருவ?" என்பார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்கே தெரியும். ஆறு பேர் படுக்கும் ஒரு அறையில், கட்டிலின் மேல் தட்டில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் படம் பார்ப்பதுபோல் அவர் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பார்க்கப்படுகிறவளுக்கு நாளாக நாளாகப் பதில் சொல்வதே பெரிய வேலையாகிவிடுகிறது. ஒரு கட்டத்தில் நான் செருப்பு மாட்டுவதையே விட்டுவிட்டேன்.

கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, பி.எட்டும் முடித்து, கல்யாணத்துக்கு முன் திருவாரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். வேலைக்குப் போகிறேன் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில். "அம்மாவ யாரு பாத்துக்கறது?" மூன்றாம் முறை நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். போனை வைத்ததும், "எனக்கு என்ன கேடு? நான் நல்லாத்தான் இருக்கேன். என்னச் சாக்கு வச்சு உன்ன உக்கார வச்சிருக்கான்" என்றீர்கள். சொல்லிவிட்டு, நடையில் இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள்.

அதற்கு அடுத்த விடுப்பில்தான் திருச்சியிலிருந்து ஒரு கூடையில் சடைச்சியை வாங்கிக்கொண்டு வந்தார். லாசா அப்சோ ஜாதி. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல், "உங்க ரெண்டு பேருக்கும் துணைக்கு" என்று கூடத்தில் இறக்கி வைத்தார். "ஸ்நோயி" என்று பெயரும் வைத்தார். நீங்கள் அந்த வெள்ளை உருண்டையைச் சுற்றி வந்து பார்த்தீர்கள். "மூஞ்சி எந்தப் பக்கம்டா இருக்கு?" என்று கேட்டீர்கள். அவர் ஊருக்குப் போன அன்றே அவள் சடைச்சி ஆகிவிட்டாள்.

வீட்டுக்குள் நாயா என்று முதல் ஒரு மாதம் நீங்கள் அவளைத் தொடவில்லை. ஆனால் அவள் முடி நம்மைத் தொட்டது. கூடத்தில் உட்கார்ந்து சீவினால் சாம்பார்வரைக்கும் பறந்தது. "சோத்துல மசுரு விழுது, கொல்லைக்குக் கொண்டு போ" என்று நீங்கள்தான் துரத்தினீர்கள். அப்படித்தான் துவைக்கிற கல் நமக்கு இடமானது. போனில் வீடியோ பார்த்து நான் கற்றுக்கொண்டேன். முதலில் விரலால் தடவிச் சிக்கு எங்கே என்று பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், வயிற்றுக்கு அடியில். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விட்டுக் கட்டியை விரல் நுனியால் பிரிக்க வேண்டும். முடியின் வேரை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சீவிக்கொண்டு போக வேண்டும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசும் புல் விதையும் ஒட்டிக்கொண்டு வரும். ஐப்பசி மழையில் வயிறு பூராவும் சேறு. பாதத்தின் அடியில் விரல்களுக்கு இடையே உண்ணி இருக்கும். இரண்டு பேர் இல்லாமல் முடியாத வேலை. ஒரு நாள் நான் தனியாகத் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, "கொண்டா இப்படி" என்று கல்லில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் இல்லாமல் அவள் சீப்பைக் கிட்டவே விடுவதில்லை.

ஒரு மாதம் கழித்து நீங்கள்தான் கவனித்தீர்கள். "இங்க அவன் சத்தமே வர்றதில்ல பாத்தியா?"

வைஃபை கொல்லைவரை எட்டவில்லை. அதனால் அங்கே கேமரா மாட்டவில்லை. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு இரண்டு மணி நேரம், நாம் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தோம். இந்த வீட்டில் பத்து வருஷம் வாழ்ந்தும் உங்களோடு நான் பேசியிராத பேச்செல்லாம் அங்கேதான் பேசினேன். உங்களுக்குப் புளிக்குழம்பு பிடிக்காது, மாமாவுக்குப் பிடிக்கும் என்பதற்காக நாற்பது வருஷம் வைத்தீர்கள் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. குளிப்பாட்டித் துடைத்து முடித்த பிறகும், "இன்னும் காயல" என்று அவளைப் பிடித்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். முடி காய்ந்து பஞ்சு மாதிரி பறந்துகொண்டிருக்கும்.

ஒரே ஒரு கட்டளை மட்டும் மஸ்கட்டிலிருந்து வந்திருந்தது. முடியை வெட்டக் கூடாது. "இந்த ஜாதிக்கு முடிதான் அழகு. கத்தரி படக்கூடாது." தரையைத் தொடும் முடியோடு, நெற்றியில் குடுமி போட்ட அவள் படம்தான் அவர் போனில் முகப்புப் படம். அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் காட்டுவாராம். வெயில் காலத்தில் அவள் சிமெண்டுத் தரையில் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு மூச்சு வாங்குவாள். "இந்த வெயில்ல கம்பளியப் போத்திக்கிட்டுக் கெடக்குது பாவம். ஒரு தடவ வெட்டி விட்டா என்ன?" என்று நீங்கள் கேட்பீர்கள். நான் வேண்டாம் அத்தை என்பேன். முடிக்காக ஒரு சண்டை எதற்கு என்பேன்.

போன வருஷம் மே மாதம், என்னோடு திருவாரூரில் வேலை பார்த்த தோழி ஒருத்தி செய்தி அனுப்பினாள். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை வேண்டுமாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேர்காணல். வெள்ளிக்கிழமை உங்கள் மகனுக்கு விடுமுறை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற நாள். நான் முடியாது என்று பதில் எழுதப் போனேன். கல்லில் உட்கார்ந்தபடி நீங்கள் சொன்னீர்கள்.

"போயிட்டு வா."

"எப்படி அத்தை போறது?"

"வாசல் வழியாத்தானே அவன் பாப்பான். இப்படிக் கொல்லைக்குப் பின்னால எறங்கிப் போ. தண்ணி இல்லாத வாய்க்கால்தானே. எறங்கி ஏறுனா வரப்பு, வரப்பு முடிஞ்சா ரோடு. நீ நாயக் குளிப்பாட்டுறன்னு நான் சொல்லிக்கிறேன்."

"போன் பண்ணுவாரே?"

"போன வச்சுட்டுப் போ. நான் எடுக்கிறேன்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குச் சடைச்சியைத் தூக்கிக்கொண்டு, துண்டு சீப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கூடத்துக் கேமரா பார்க்கும்படி இருவரும் கொல்லைக்குப் போனோம். கொடியில் காய்ந்துகொண்டிருந்த பருத்திப் புடவையை அங்கேயே மறைவில் கட்டிக்கொண்டேன். சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தீர்கள். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அறுத்து முடித்த வயலில் தாள் காலைக் குத்தியது. எனக்கு முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தைக் கட் அடிக்கிற பிள்ளைபோல வரப்பில் ஓடினேன்.

நேர்காணல் நன்றாகவே நடந்தது. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு விளக்கச் சொன்னார்கள். சாக்பீஸைக் கையில் எடுத்ததும் என் கை தானாக எழுதத் தொடங்கியது. பதினொன்றரைக்கு வெளியே வந்து பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. கொள்முதல் நிலையத்தில் நனைந்த நெல்லை எடுக்க மறுக்கிறார்கள் என்று ரோட்டில் மூட்டையைப் போட்டு மறியல். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. பஸ்ஸில் எல்லோரும் போன் போட்டு வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் போன் கேட்டு வாங்கினேன். கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். என் நம்பருக்குப் போட்டால், அந்த நேரம் அவர் உங்களோடு பேசிக்கொண்டிருந்தால்? திருப்பிக் கொடுத்துவிட்டேன். இறங்கி நடந்தேன். திருவிடைமருதூரைத் தாண்டி ஒரு டிராக்டரில் ஏற்றிக்கொண்டார்கள். வரப்பில் இறங்கியபோது மூன்று மணி.

இந்தப் பக்கம் நடந்ததை நீங்கள் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பத்து மணிக்கு ஒரு போன், குளிப்பாட்டுகிறாள் என்றீர்கள். பதினொன்றரைக்கு ஒன்று, சிக்கு எடுக்கிறாள் என்றீர்கள். ஒரு மணிக்கு அவர், "நாலு மணி நேரமாவா குளிப்பாட்டுறா? வீடியோ கால்ல வா, காட்டு" என்றிருக்கிறார். "இரு, கை ஈரமா இருக்கு" என்று வைத்துவிட்டு, தையல் பெட்டியில் இருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்திருக்கிறீர்கள். அடுத்த முறை அவர் கூப்பிட்டபோது சடைச்சியின் ஒரு பக்கம் வழித்துவிட்டதுபோல் இருந்திருக்கிறது. இன்னொரு பக்கம் தரைவரை முடி.

"என்னம்மா இது? யாரு வெட்டுனது?"

"நான்தான். வெயில் தாங்கல அதுக்கு."

"அவ எங்க?"

"அழுதுகிட்டு உக்காந்திருக்கா. வேணாம் வேணாம்னா, நான்தான் கேக்கல. நீ கத்துவன்னு போன எடுக்க மாட்டேங்கறா."

அவர் கத்தினாராம். உனக்குப் பைத்தியமா என்றாராம். தனக்கென்று இந்த வீட்டில் ஆசையாக இருந்தது அது ஒன்றுதான் என்றாராம். கடைசியில், "இனிமே எங்கிட்ட பேசாத" என்று வைத்துவிட்டாராம். நீங்கள் மீதிப் பக்கத்தையும் வெட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். மறுபடி கூப்பிட்டால் காட்டுவதற்கு வேலை நடந்துகொண்டிருக்க வேண்டுமே.

நான் வாய்க்காலிலிருந்து ஏறி வந்தபோது உங்களைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக முடி கிடந்தது. வேர்வையில் உங்கள் கன்னத்திலும் கையிலும் ஒட்டியிருந்தது. ஆட்டுக்குட்டி அளவுக்குச் சுருங்கிப்போன சடைச்சி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். கத்தரிக்கோல் பிடித்த உங்கள் கட்டை விரல் கொப்புளித்திருந்தது. "கணக்கு கேட்டாங்களா? போட்டியா?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். போட்டேன் என்றேன். "சரி, உள்ள போயி அவனுக்குப் போன் பண்ணு. அழுத மாதிரி பேசணும்" என்றீர்கள். நடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள். உங்கள் மகன் தினமும் என்னைக் கூப்பிட்டார். இரண்டு நிமிஷம் பேசினார். உங்களைக் கேட்கவில்லை. கேமராவிலிருந்தும் மாத்திரைக் குரல் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் நீங்கள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து உட்காருவீர்கள். நான் வைத்ததும், "சாப்பிட்டானாமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போவீர்கள். பள்ளியிலிருந்து ஜூன் முதல் வாரத்தில் வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. "கோவம் தணியட்டும். அவன் பேசுவான், அப்ப நானே சொல்றேன்" என்றீர்கள். அவர் பேசவில்லை. இருபத்து மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்தவர், நான் காப்பியோடு வந்து எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. என் அலறலைக் கேமரா வழியாகத்தான் அவர் முதலில் கேட்டார்.

காரியம் முடிவதற்குள் சேர வேண்டிய நாள் போய்விட்டது. அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். இதையும் ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை உலர்ந்த துண்டையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் மகன், "சிக்கு வரவே மாட்டேங்குது, கலா" என்றார். கண் சிவந்திருந்தது.

"அன்னைக்கு நான் வீட்ல இல்லங்க" என்றேன்.

"என்னைக்கு?"

"அத்தை முடிய வெட்டுன அன்னைக்கு. வேலைக்கு இன்டர்வியூன்னு கும்பகோணம் போயிருந்தேன். வர லேட்டாயிடுச்சு. நீங்க வீடியோவுல கேட்டீங்க. எனக்காக நேரத்த இழுக்கறதுக்குத்தான் வெட்டுனாங்க."

அவர் கையில் இருந்த குவளையைக் கீழே வைத்தார். ஈரக் கல்லிலேயே உட்கார்ந்தார். "எங்கிட்ட கேட்டிருக்கலாமே?" என்றார்.

"மூணு தடவ கேட்டேன்."

பிறகு அவர் சொன்னதுதான் என்னை அடித்துவிட்டது. "இருவத்திரெண்டு நாள், கலா. தெனமும் உங்கிட்ட பேசினேன். அம்மாகிட்ட பேசுங்கன்னு ஒரு நாளாவது நீ சொல்லியிருக்கலாமே?"

சொல்லியிருக்கலாம் அத்தை. சொல்லவில்லை. நீங்கள் வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடுமோ, கையில் வந்த வேலை போய்விடுமோ என்று பயந்தேன். நீங்கள் பக்கத்தில் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போதே பயந்தேன். அவரிடம் அதையும் சொன்னேன். பிறகு, அதே பள்ளியில் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை சேரப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர், "அப்புறம் பேசலாம்" என்று உள்ளே போனார். இதை எழுதும் இந்தச் சாயங்காலம்வரை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விமானம். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அது எனக்கு மட்டுமே உரியது. நீங்கள் போவதற்கு முந்தின நாள், விரல் தடிமனுக்கு வளர்ந்திருந்த சடைச்சியின் முடியைத் தடவிக்கொண்டே கேட்டீர்களே.

"அன்னைக்கு ரெண்டு மணிக்கு மேல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நீ இனிமே திரும்பி வரமாட்டன்னு தோணுச்சு."

"ஏன் அத்தை?"

"நானும் ஒரு நாள் அப்படித்தான் கெளம்பினேன். அப்ப உன் வீட்டுக்காரனுக்கு நாலு வயசு. ரெண்டு பொடவைய எடுத்துக்கிட்டு, பேராவூரணியில அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு தஞ்சாவூர் வரைக்கும் போயிட்டேன். பஸ்ல ஏறி உக்காந்துட்டேன். கண்டக்டர் எங்கன்னு கேட்டாரு. பேராவூரணின்னு சொல்ல வாய் வரல. எறங்கிட்டேன். வீட்டுக்கு வந்தா, எங்க போனன்னுகூட யாரும் கேக்கல. அடுப்பப் பத்த வச்சு ஒல வச்சேன்."

நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நீ வரலன்னதும் மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் சந்தோஷமா இருந்துச்சு. எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்னு நெனச்சுக்கிட்டேன். அவன் எத்தன தடவ கேட்டாலும் குளிப்பாட்டுறா, குளிப்பாட்டுறான்னே சொல்லியிருப்பேன். மறுநாள் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

"மறுநாளுமா அத்தை?"

"ஆமா. அவ்ளோ முடி இருக்குல்ல இதுக்கு!"

இருவரும் சிரித்தோம். நான் திரும்பி வந்துவிட்டேன், இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் நான் வராமல் போனதற்காக ஒரு மணி நேரம் ஒருவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். காலையில் எழுந்து நடமாட எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

உங்கள் மருமகள்,
கலா